கூத்துக்கு முதுகு காட்டி உட்காருகிறவள்

பானுப்ரியாவை நான் முதன்முதலாகப் பார்த்த அன்றைக்கே அவள் மேல் செருப்பு விழுந்தது.

ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஊர்த் திருவிழா. கூத்துக்காரர்களின் பெட்டிகளை என் டாடா ஏஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். இறக்கிவிட்டு ஓரமாக நின்று பார்க்கிறேன். ஊரே ஒரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் கூத்துக்கு முதுகைக் காட்டி, ஜனங்களின் மூஞ்சியைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளை எதற்கு முறைத்து முறைத்துப் பார்க்கிறாய் என்று ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றி வீசினார். வருவதைப் பார்த்தாள், ஒதுங்கவில்லை. தோளில் பட்டு விழுந்தது. அதை எடுத்துப்போய் அவர் காலடியில் வைத்துவிட்டு, “எந்த எடத்துல தாத்தா உனுக்கு போர் அடிச்சுது?” என்று கேட்டாள்.

ஆள் அப்படி.

பிறந்தது ஆர்.கே.பேட்டை, நெசவுக் குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். அவளுடைய நைனா மூத்தவள் சுதாவைத் தறியில் உட்காரவைத்தார், இளையவளைக் காலேஜுக்கு அனுப்பினார். படித்து முடித்துச் சென்னையில் ஒரு டிரஸ்டில் வேலை பார்த்தாள். கூத்து, நாடகம், பாட்டுக் கச்சேரி இதற்கெல்லாம் பணம் கொடுக்கிற டிரஸ்ட். அங்கே மேலதிகாரியோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்து, திருத்தணி ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு போர்ஷன் பிடித்துத் தனியாகத் தொழில் ஆரம்பித்தாள். கார்டில் கன்சல்டன்ட் என்று போட்டிருக்கும். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கலைக்குக் காசு கொடுக்கிறவன் ஒருத்தன் இருக்கிறான், கொடுத்தது உருப்பட்டதா என்று நேரில் பார்த்துச் சொல்ல அவனுக்கு ஒரு ஆள் வேண்டும். ஆடுகிறவனுக்கு ஜனம் வேண்டும். ஜனம் ஏன் வரவில்லை, வந்த ஜனம் ஏன் பாதியில் எழுந்து போகிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல அவனுக்கும் ஒரு ஆள் வேண்டும். இரண்டுக்கும் இவள். யாரிடமும் மாதச் சம்பளம் கிடையாது. கூப்பிட்டால் போவாள், பெரும்பாலும் என் வண்டியில்.

உள்ளதைச் சொன்னால் அடி விழுகிற தொழில் இது. அரக்கோணத்தில் ஒரு சபா செயலாளர், “உங்க கச்சேரிக்கு வர்றவங்க பாதிப் பேரு சாப்பாட்டுக்கு வர்றாங்க” என்று இவள் சொன்னதற்கு மேடையிலேயே அறைந்தார். புத்தூர்ப் பக்கம் ஒரு பாட்டுக்காரியின் புருஷன் இவள் விரலைப் பின்னால் மடக்கிப் போனைப் பிடுங்கி உடைத்தான். அவள் அழுது நான் பார்த்ததில்லை. “அடிக்கறான்னா அவனுக்கு இன்னும் அக்கற கீதுன்னு அர்த்தம்ணா. கம்முனு எழுந்து போறான் பாரு, அவன்தான் மோசம்” என்பாள்.

இப்போது நடந்த விஷயத்துக்கு வருகிறேன். கோர்ட்டில் இருக்கிறது, அதனால் ஊர்ப் பெயரை எழுதவில்லை. கோயில் இருக்கிற ஊரைக் கோயிலூர் என்றும், பக்கத்து ஊரைக் கொல்லைமேடு என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் விவசாயக் குடும்பங்கள், ஒரே ஜனம், பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். அதனால்தான் அடித்துக்கொண்டால் நன்றாக அடித்துக்கொள்வார்கள்.

கோயிலூரில் திரௌபதி அம்மனுக்கு வருஷா வருஷம் பாரதம் நடக்கும். அதன் முடிவில் படுகளம். மண்ணைக் குழைத்து, லாரி நீளத்துக்குத் துரியோதனனை மல்லாக்கப் படுக்கவைப்பார்கள். அவன் தொடைக்குள் சிவப்புத் தண்ணீர்ப் பானை ஒன்று புதைத்திருக்கும். வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அந்த மண் உடம்பைச் சுற்றி ஓடி ஓடிச் சண்டை போடுவார்கள். கடைசியில் பீமன் அந்தத் தொடையை அடித்துப் பானையை உடைக்க, திரௌபதி அந்தச் சிவப்பை எடுத்துத் தடவிக் கூந்தல் முடிவாள். எல்லாம் பட்டப்பகலில், சித்திரை வெயிலில். ஆடுகிறவர்கள் விரதம் இருப்பவர்கள். பட்டினி, வெயில், மத்தள அடி எல்லாம் சேர்ந்து ஆவேசம் வந்துவிடும். அதற்காகவே துரியோதனன் இடுப்பில் வேட்டியைக் கயிறாக முறுக்கிக் கட்டி, பின்னால் இரண்டு ஆம்பிளைகள் இழுத்துப் பிடித்துக்கொண்டே ஓடுவார்கள். அந்தப் பிடி இல்லாமல் துரியோதனன் களத்தில் இறங்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

துரியோதனன் வேஷம் கட்டுகிறவன் பங்காரு. சுதாவின் புருஷன், பானுப்ரியாவுக்குப் பாவா. மற்ற நாளில் பவர்லூம் ஓட்டுகிறவன். போன வருஷப் படுகளத்தில் இரண்டு ஊருக்கும் கலாட்டா வந்து பறந்த கல் ஒன்று அவன் இடது காதில் பட்டது. அந்தக் காது போயே போய்விட்டது.

இந்த வருஷம் போலீஸ் அனுமதி கொடுக்க யோசித்தது. கோயில் தர்மகர்த்தா பெருமாள் பானுப்ரியாவைத் தேடி ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்கு வந்தார். நானும் இருந்தேன்.

“கூட்டம் சேக்கறது உன் வேலைன்னு சொல்றாங்கம்மா. எனுக்குக் கூட்டம் வோணும், கலாட்டா வோணாம். முடியுமா?”

“கலாட்டா எங்க ஆரம்பிச்சுது?”

“கொல்லைமேட்டானுங்க. அவனுங்களுக்கு வேற இன்னா வேல?”

“அவங்களக் கேட்டா உங்களச் சொல்வாங்க.”

“சொல்வானுங்க. அந்த ஊர்ல பொண்ணு எடுத்தவன் நானு. அவனுங்க வாயி எனுக்குத் தெரியாதா?”

ஒத்துக்கொண்டு நேராக அக்காள் வீட்டுக்குப் போனாள். சுதா தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். தங்கச்சி சொன்னதைக் கேட்டதும் ராட்டையை நிறுத்தினாள்.

“ஒரு காது போயாச்சு. இன்னொண்ணையும் குடுத்துட்டு வரச் சொல்றியா?”

“அக்கா, ஜனத்த நான் பாத்துக்கறேன். பாவா மேல ஒரு கல்லு படாது.”

“பட்டா?”

“பட்டா என்ன எது வேணா பண்ணு.”

“பண்ணுவேன். இந்த ராட்டையாலயே உன் மண்டையப் பொளப்பேன்.”

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த பங்காரு தலையைத் திருப்பி நல்ல காதைக் காட்டினான். “இன்னாவாம்?”

“உனுக்குக் காவல் இருக்கப் போறாளாம்.”

“எனுக்கா? கதாயுதம் எதுக்குக் கீது கையில? கல்லு வந்தா தட்டிவுட்டுக்குவேன்.”

சுதா அவனைப் பார்க்கவில்லை, தங்கச்சியைத்தான் பார்த்தாள். “நீ சொன்ன வார்த்தை இது. நெனப்புல வெச்சிக்கோ.”

அப்புறம் பானுப்ரியா வேலையில் இறங்கினாள். போன வருஷச் சண்டையை ஊர்ப் பையன்கள் போனில் எடுத்த வீடியோக்களை எல்லாம் வாங்கினாள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். ஒருத்தன் மூக்கு உடைவதை நிறுத்தி நிறுத்தி, அவனுக்குப் பின்னால் நிற்கிறவர்களைப் பார்ப்பாள். “குடிச்சிட்டு அடிச்சிக்கலண்ணா. பின்னாடி நிக்கறவனுக்குக் களம் தெரியல. முன்னாடி தள்றான். முன்னாடி இருக்கறவன் திரும்பி அடிக்கறான். அடி வாங்குனவன் எந்த ஊருன்னு அப்புறம்தான் பாக்கறாங்க.” எல்லாருக்கும் முழுதாகத் தெரிந்தால் யாரும் யாரையும் தள்ள மாட்டான் என்பது அவள் கணக்கு.

ஏரிக்கரைச் சரிவை அவள் பார்த்தது அப்படித்தான். கரை கிழக்கு மேற்காக ஓடுகிறது. மண் துரியோதனனைக் கரைக்கு இணையாக, நீளவாக்கில் படுக்கவைத்தால், சரிவில் படிப்படியாக நின்று அத்தனை பேரும் தலை முதல் கால்வரை பார்க்கலாம். சூரியனும் முதுகுப் பக்கம் போய்விடும். மண் போடுகிற குயவரிடம் சொன்னாள்.

“எப்பவும் ஏரியப் பாத்துத்தாம்மா காலு” என்றார் அவர்.

“ஏன்?”

“ஏன்னா? அப்பிடித்தான் போடுவோம்.”

“திருப்பிப் போட்டா சாமி குத்தமா?”

“சாமி இன்னா சொல்லப் போவுது. மண்ணுதானே.”

தலை கிழக்கே, கால் மேற்கே. கிழக்குச் சரிவு கோயிலூர்க்காரர்களுக்கு, மேற்குச் சரிவு கொல்லைமேட்டுக்காரர்களுக்கு, நடுவில் சவுக்குக் கழி கட்டிய தடுப்பு. பெருமாள் பார்த்தார், போலீஸ்காரர் பார்த்தார், நானும் பார்த்தேன். எல்லாருக்கும் நன்றாகத் தெரியும் என்றுதான் எல்லாரும் சொன்னோம்.

கொல்லைமேட்டுக்கும் போனாள். போன வருஷம் மரியாதையாகக் கூப்பிடவில்லை என்று அவர்களுக்கு ஒரு வருத்தம் இருந்தது. இவள் மேளத்தோடு, தாம்பூலத் தட்டோடு போய் அந்த ஊர் ஜெயப்பிரகாஷ் கையில் கொடுத்தாள். கரும்பு போடுகிற ஆள், ஊரில் இளவட்டங்கள் அவர் பேச்சைக் கேட்கும். “நீ பொம்பள, எங்க வாசலுக்கு வந்து கூப்ட்ட. நாங்க வரோம். எங்க பசங்கள நான் பாத்துக்கறேன்” என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

படுகளத்தன்று வந்தது போன்ற கூட்டத்தை நான் அந்தப் பக்கத்தில் எப்போதும் பார்த்ததில்லை. கரை முழுக்கத் தலை. தள்ளுமுள்ளு இல்லை. பானுப்ரியா களத்துக்கு முதுகைக் காட்டி, தடுப்பை ஒட்டி நின்று கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பங்காரு கதையைச் சுழற்றிக்கொண்டு, கிரீடமும் புஜகீர்த்தியும் வெயிலில் மின்ன, மண் உடம்பைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். பின்னால் இரண்டு பேர் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஓடினார்கள். முகத்தில் அரிதாரம் வழிந்து, கண் சொருகி, அவன் பங்காருவாக இல்லை.

பீமன் வேஷம் தண்ணீர் குடிக்க ஒதுங்கினபோது கட்டியக்காரன் வந்தான். கூத்தில் கோமாளி அவன். யாரையும் கிண்டல் பண்ண அவனுக்கு உரிமை உண்டு, எந்த ஊரானாலும் சிரித்துவிட்டுப் போவார்கள். அவன் மண் துரியோதனனின் பாதத்துப் பக்கம் போய் நின்று மேற்கே பார்த்தான்.

“கொல்லைமேட்டு மாமாங்களா, ராசா இந்த வருஷம் உங்களுக்குன்னே காலு நீட்டிகினு படுத்துகினு கீறாரு. சும்மா இன்னாத்துக்கு நிக்கறீங்க? வந்து அமுக்கி வுடுங்க.”

கிழக்கே எல்லா வாயும் திறந்து சிரித்தது. மேற்கே ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. இதை முதலில் பார்த்தவள் பானுப்ரியாதான். முகத்தைப் பார்ப்பதுதானே அவள் தொழில். பிறகு என்னிடம் சொன்னாள், அந்த நொடியில்தான் அந்தக் கால் எங்கே நீட்டியிருக்கிறது என்று தனக்கே தெரிந்தது என்று.

“எங்க மூஞ்சிக்கி நேரா காலயா நீட்டி வெச்சிருக்கீங்க?” என்றது மேற்கே ஒரு குரல்.

“சம்பந்திக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு” என்றது கிழக்கே ஒரு குரல்.

“கூப்ட்டது இதுக்குத்தானா? தாம்பூலம் வெச்சி?”

“காலு நோவுதாம், புடி சம்பந்தி.”

முதல் கல் மண் முழங்காலில் விழுந்து புதைந்தது. இரண்டாவது கோயிலூர்ப் பையன் ஒருத்தன் நெற்றியைப் பிளந்தது. அவள் கட்டச் சொன்ன தடுப்பை இரண்டு பக்கமும் பிடுங்கின. ஆளுக்கொரு சவுக்குக் கழி. சொந்த மச்சானைக் கழுத்தில் கால் வைத்து மிதித்தவனை நான் பார்த்தேன். போன மாசம் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு என் வண்டியில்தான் வாழைத்தார் ஏற்றினோம். ஒருத்தன் பல்லைத் துப்பிவிட்டு மறுபடி ஓடினான். பெண்கள் கரையின் பின்புறம் உருண்டு இறங்கினார்கள்.

பானுப்ரியா பாவாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. கல் வருகிற திசையைத்தான் பார்த்தாள். கல்லை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் அவள் மண்டையில். பங்காருவைப் பிடித்திருந்த இரண்டு பேரும் கோயிலூரிலேயே பலசாலிகள். அவர்களைப் பார்த்துக் கத்தினாள்.

“இந்தப் பக்கம் வாங்க, இங்க ஆள் போதல.”

அவர்கள் வேட்டியை விட்டுவிட்டு வந்தார்கள்.

அவள் நேராக ஜெயப்பிரகாஷ் சட்டையைப் போய்ப் பிடித்தாள். “அண்ணா, கால மாத்தி வெச்சது நானு. இவங்களுக்கே தெரியாது. என்ன அடிக்கச் சொல்லுங்க. கல்ல நிறுத்துங்க, எங்க பாவா உள்ள கீறாரு.”

அந்த மனுஷன் அவளை ஒரு பார்வை பார்த்தார். வார்த்தை கொடுத்திருக்கிறாரே. களத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு கையையும் தூக்கி, “டேய், கீழ போடுங்கடா, எவன்டா அவன், போடுடா கீழ” என்று தன் ஆட்களைப் பார்த்து நின்றார். முன்வரிசையில் சில கைகள் இறங்கின. அதற்குள் பக்கவாட்டில் இருந்து சவுக்குக் கழி ஒன்று அவர் தலைக்கு வந்தது. பானுப்ரியா கையை நீட்டினாள். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், மடங்கக் கூடாத இடத்தில் கை மடங்கியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

அவள் குனிந்தாள். அவள் நின்றிருந்த இடத்து வழியாகப் பங்காரு வந்தான்.

பிடிக்க ஆள் இல்லை. வேட்டி வாலாகத் தரையில் இழுபட, மண் துரியோதனன் நெஞ்சின் மேலேயே மிதித்துக்கொண்டு ஓடிவந்தான். நான் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். எந்தக் காதிலும் விழவில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஒரு முதுகு. கடைந்த மரத்துக் கதை அது. இரண்டு கையாலும் ஓங்கி இறக்கினான். முதல் அடியில் ஜெயப்பிரகாஷின் தோள் கீழே இறங்கிப் போனது. அவர் யார் என்று பார்க்கத் திரும்பினார். இரண்டாவது அடி தாடையில். மூன்றாவதுக்கு ஓங்கியபோது பீமன் வேஷக்காரன் அவன் காலைக் கட்டிக்கொண்டு விழுந்தான். விழுந்த பிறகும் பங்காரு தரையை அடித்துக்கொண்டே இருந்தான்.

கூட்டம் அப்போதுதான் நின்றது. கழியைப் போட்டுவிட்டு ஓடினவர்கள் போக, மீதிப் பேர் சும்மா நின்றார்கள். தொடைப் பானை யாருடைய காலிலோ மிதிபட்டு உடைந்துபோயிருந்தது. திரௌபதி வேஷக்காரர் விரித்த சவுரியோடு கரையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

என் வண்டியில்தான் ஜெயப்பிரகாஷை ஏற்றினோம். உயிர் பிழைத்தார். தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். இன்றுவரை குழாயில்தான் கஞ்சி. வலது கை தூக்க வரவில்லை. கரும்பை வேறு ஆள் வெட்டுகிறான்.

பங்காரு மேல் ஒரு கல்கூடப் படவில்லை.

மறுநாள் பகலில் போலீஸ் ஸ்டேஷனில் எல்லாரையும் கூப்பிட்டார்கள். வண்டி ஓட்டினவன் என்று என்னையும். பானுப்ரியா மாவுக்கட்டோடு வந்தாள். சுதா வேப்பமரத்தடியில் வக்கீலோடு நின்றாள். வக்கீல் தங்கச்சியைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நீங்க ஒரே ஒரு வார்த்த சொன்னா போதும்மா. அந்தாளு கழியோட உங்க பாவா மேல பாஞ்சாரு. இவரு தற்காப்புக்கு அடிச்சாரு. பக்கத்துல நின்னது நீங்க ஒருத்தர்தான்.”

“அவர் கையில ஒண்ணும் இல்லியே.”

“கூட்டத்துல எவன் பாத்தான்?”

“நான் பாத்தேன்.”

சுதா வந்து அவள் கட்டுப்போடாத கையைப் பிடித்தாள். “பானு, கல்லு படாதுன்ன. படல. சந்தோஷம். இப்ப ஜெயிலுக்குப் போறான். அதுக்கு ஒண்ணும் சொல்லலியே நீ அன்னிக்கி.”

“அக்கா, அந்தாளு என்ன நம்பித் திரும்பி நின்னாரு.”

“உன் பாவா?”

பானுப்ரியா கையை உருவிக்கொண்டாள். உள்ளே போனாள். எஸ்.ஐ. கேட்டார், இவள் சொன்னாள். மண் உடம்பைத் திருப்பிப் போடச் சொன்னது தான் என்றாள். பிடித்திருந்த ஆட்களை விட்டுவிட்டு வரச் சொன்னது தான் என்றாள். ஜெயப்பிரகாஷ் கையில் ஒன்றும் இல்லை, தன் ஆட்களைத் தடுத்துக்கொண்டு நின்றார், முதுகில் அடி விழுந்தது என்றாள். பாவா கண்ணில் நினைவு இருந்ததா, ஆவேசமா என்று கேட்டார்.

“அது எனுக்குத் தெரியாது சார். நான் அந்தப் பக்கம் பாக்கல.”

ஜன்னல் வழியாக எல்லாம் வெளியே கேட்டது. லாக்கப்பில் பங்காரு அரிதாரம் பாதி கழுவின மூஞ்சியோடு உட்கார்ந்திருந்தான். நல்ல காது எங்கள் பக்கம்தான் இருந்தது.

வெளியே வந்ததும் சுதா அவளை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. “அண்ணா, ஆர்.கே.பேட்டைக்கு வண்டி போவுமா?” என்று என்னைத்தான் கேட்டாள். ஏறினாள். பானுப்ரியா தெருவிலேயே நின்றாள். இரண்டு ஊர்க்காரர்களும் எதிர் டீக்கடையில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் போர்ஷன் வாசலில் காலையிலேயே யாரோ சாணியைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள்.

“ஏறித் தொல” என்றாள் சுதா.

மூன்று பேரும் ஒரே சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். சுதா நடுவில். ரயில்வே கேட் தாண்டியதும் ஆரம்பித்தாள். கையை முஷ்டி பிடித்துத் தங்கச்சியின் தொடையில் குத்தினாள். குத்தினாள், கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தாள், மறுபடி குத்தினாள். பானுப்ரியா ஒதுங்கவில்லை. நான் வண்டியை நிறுத்தட்டுமா என்றேன்.

“நீ ஓட்டுண்ணா.”

அந்த ரோடு உங்களுக்குத் தெரியாது. குழி இல்லாத இடத்தை எண்ணிவிடலாம். ஒவ்வொரு குழிக்கும் சுதா முஷ்டியை விரித்து, மாவுக்கட்டு கதவில் இடிக்காமல் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். குழி தாண்டினதும் விட்டுவிட்டு மறுபடி குத்தினாள்.